11 வயதுப் பிள்ளை பாரம் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடுமா?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தாய் கேட்டிருந்தார். மகனுக்கு 11 வயது. பெரியம்மாவின் மகன் கல்முனையில் ஜிம்முக்குப் போகிறான். அவனைப் பார்த்துத் தானும் போகவேண்டும் என்று இவன் அடம் பிடிக்கிறான். "இந்த வயதில பாரம் தூக்கினா வளர்த்தி நின்று போகும்" என்று அம்மம்மா மறிக்கிறார். இதற்கிடையில் பொடியன் வீட்டுக் கோடிக்குள் இரண்டு பெயின்ற் பேணிகளில் சீமெந்தை இறுக்கி, நடுவில் பைப் ஒன்றைச் செருகி, தானே ஒரு பாரம் செய்து வைத்திருக்கிறான். அதைப் பறிப்பதா, விடுவதா, எந்த வயதில் எப்படித் தொடங்குவது என்பதுதான் அவருடைய கேள்வி. கடைசி வரியில், "பந்தடித்துவிட்டு வந்தால் முழங்காலுக்குக் கீழே நோகுது என்றும் சொல்கிறான்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளுக்கான பதில் அதைப் பொறுத்து மாறும். நான் வைத்தியர் இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி படிப்பித்து, மெய்வல்லுநர் போட்டிகளுக்குத் தயார்படுத்தி வருகிறவன். 10 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில், கிடுகிடுவென்று உயர்கிற காலத்தில், ஓடிப் பாய்கிற பிள்ளைகளுக்கு முழங்கால் சில்லுக்குக் கொஞ்சம் கீழே ஒரு புடைப்பு வந்து, விரலால் அமர்த்தினால் நோவது சாதாரணம். தொடையின் பெரிய தசை இழுத்துப் பிடிக்கிற இடம் அது. எலும்பு அங்கே இன்னும் குருத்தாகவே இருக்கும். ஓஸ்குட்-ஷ்லாட்டர் என்று வைத்தியர்கள் சொல்லுவார்கள். ஓட்டத்தையும் பாய்ச்சலையும் நோவுக்கு ஏற்றபடி குறைத்தால் அடங்கும், வளர்ந்து முடிகிறபோது பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆனால் பிள்ளை நொண்டினால், மூட்டு வீங்கினால், காய்ச்சல் சேர்ந்து வந்தால், இரவில் நோவால் நித்திரை குழம்பினால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். இந்த வயதுகளில், அதிலும் உடம்பு கொஞ்சம் பருத்த பிள்ளைகளில், தொடை எலும்பின் தலை இடுப்பு மூட்டுக்குள் இருக்கிற வளர்ச்சித் தட்டில் (எலும்பு நீளுகிற குருத்துப் பகுதியில்) சறுக்கிவிடுவது உண்டு. பிரச்சினை இடுப்பில், நோவோ முழங்காலில் தெரியும். பாதம் வெளிப்பக்கம் திரும்பியபடி பிள்ளை இழுத்து இழுத்து நடந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் போட்டு உருவிப் பார்க்கிற வேலை அதற்குக் கூடவே கூடாது. உங்கள் மகனுடையது எது என்று நேரில் பார்க்காமல் நான் சொல்ல ஏலாது. முதலில் காலைக் காட்டுங்கள், பிறகு பாரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, வளர்த்தி. இதில் உறுதியாகச் சொல்லக்கூடிய விடயம் இது: சரியாகப் பழக்கி, பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துச் செய்விக்கிற பலப் பயிற்சி பிள்ளையின் உயரத்தைக் குறைக்காது. அளந்து பார்த்த ஆய்வுகளில் அப்படி ஒரு பாதிப்புத் தெரியவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கையும் இதே நிலைப்பாட்டில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டில் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குச் சொன்னதில், நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவோடு, கிழமையில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்துகிற வேலையும் அடங்கும். அதாவது பலப் பயிற்சி பிள்ளைகளுக்கு வேண்டியது என்பதில் இன்றைக்குப் பெரிய சர்ச்சை இல்லை.

அம்மம்மாவின் பயத்துக்கு வேர் இல்லாமலும் இல்லை. பிள்ளையின் நீண்ட எலும்புகளின் நுனிக்குக் கிட்ட வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கேதான். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14, 15 வயதளவிலும் ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 வயதளவிலும் அது மூடுகிறது. மூடும்வரை சுற்றியுள்ள எலும்பைவிட அது பலவீனமானது, அதில் மோசமான காயம் பட்டால் அந்த எலும்பு குறுகவோ கோணவோ வாய்ப்புண்டு. ஆனால் அந்தக் காயங்களில் பெரும்பகுதி மரத்தில் இருந்து விழுந்தும், சைக்கிளில் அடிபட்டும், விளையாட்டில் மோதியும் வருபவை. பாரம் தூக்கி வந்ததாகப் பதிவானவற்றில் பெரும்பாலானவை, யாரும் பார்க்காத இடத்தில், பிழையான முறையில், ஏலாத எடையைத் தூக்கப் போய் வந்தவை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் காலில் ஏறுகிற விசை உடல் எடையின் 2, 3 மடங்கு. மதிலில் இருந்து குதிக்கிற பிள்ளையின் எலும்பு அதைவிடவும் தாங்குகிறது. மண் நிரப்பிய போத்தல் ஒன்றைத் தூக்குவது அதற்குக் கிட்டவும் வராது.

அந்தப் பயம் முழுக்கப் பொருந்துகிற இடம் ஒன்று இருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தசையை ஊதவைக்கிற ஸ்டீரொய்ட் குளிசைகளும் ஊசிகளும் வளர்ச்சித் தட்டை நேரத்துக்கு முன்பே மூடிவிடும். அப்படி மூடினால் உயரம் உண்மையிலேயே நின்றுபோகும், திறக்க வழியில்லை. சிறுவர்கள் ஜிம்முக்குள் போனால் இந்தப் பேச்சு காதில் விழ வாய்ப்பிருக்கிறது. ஆகவே மகனிடம் "பாரம் தூக்கினால் வளரமாட்டாய்" என்று வெருட்டாதீர்கள். நாளைக்கு அவன் தூக்கியும் வளர்ந்தால், நீங்கள் சொன்ன மற்றதையும் நம்பமாட்டான். "யார் என்ன குளிசை தந்தாலும், என்ன தூளைக் கரைத்துத் தந்தாலும் வாயில் வைக்காதே, என்னிடம் வந்து சொல்லு" என்று சொல்லுங்கள். கிரியேட்டின் போன்ற தசைத் தூள்களையும் 18 வயதுக்குக் கீழே பாவிக்க வேண்டாம் என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முட்டை, மீன், பருப்பு, கௌபி, கடலை இருக்கிற வீட்டில் புரதத் தூளுக்கு வேலையே இல்லை.

பேணிப் பாரத்தை எடுத்து வையுங்கள். எடை காரணமில்லை, பைப் வழுக்கும், இரண்டு பக்கமும் சமன் இல்லை, சீமெந்துக் கட்டி எப்போது கழன்று விழும் என்று தெரியாது. 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குப் பாரங்களால் வருகிற காயங்களில் கூடுதலானவை வீட்டில் நடப்பவை: கையில் இருந்து நழுவிக் காலில் விழுவது, இரண்டு பாரங்களுக்கு நடுவில் விரல் நசிவது. ஆனால் பறித்து எறிந்துவிட்டுச் சும்மா விடாதீர்கள். சொந்தமாக யோசித்து ஒரு சாமான் செய்யும் அளவுக்கு ஆசை இருக்கிற பிள்ளை, மறைவில் வேறொன்றைத் தூக்குவான். அதற்குப் பதிலாகச் சரியானதைக் கையில் கொடுங்கள். ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ, காய்ந்த மண் நிரப்பினால் 2 கிலோவுக்கு மேல் வரும். மண் போத்தலில் ஒரு நன்மை, ஒரு பிடி, இரண்டு பிடி என்று கூட்டலாம். ஜிம் இயந்திரங்களில் பாரம் பெரிய பெரிய படியாகத்தான் கூடும், சின்ன உடம்புக்கு அது சரிவராது.

எந்த வயது என்று கேட்டால், 7, 8 வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சமநிலையும் உடலைப் பிடித்து நிற்கிற கட்டுப்பாடும் வந்துவிடும், அப்போதிருந்து தொடங்கலாம். நான் பிறந்த திகதியைப் பார்ப்பதைவிட வேறொன்றைப் பார்ப்பேன். "நில்" என்றால் அந்த இடத்திலேயே நிற்கிறானா, சொன்ன மூன்று விடயங்களை மனதில் வைத்துச் செய்கிறானா. அது வராத பிள்ளைக்கு 10 வயதானாலும் பாரம் கொடுக்கமாட்டேன், விளையாடவிடுவேன். இருதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், கட்டுப்படாத வலிப்பு உள்ள பிள்ளைகள் வைத்தியரின் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. இழுப்பு உள்ள பிள்ளைகள் செய்யலாம், மருந்து இழுக்கிற பம்ப் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் பழக்குவது குனிவது. வாழ்க்கை முழுக்கத் தேவைப்படுகிற அசைவு அது, பெரியவர்கள் பலருக்கு வராது. தும்புத்தடியின் கட்டையைக் கழற்றிவிட்டுத் தடியை மட்டும் எடுங்கள். பிள்ளையின் முதுகோடு நெட்டாக வையுங்கள்: ஒரு கை கழுத்துக்குப் பின்னால், மறு கை இடுப்புக்குப் பின்னால் தடியைப் பிடிக்க வேண்டும். தடி பின்மண்டையிலும், தோள்பட்டைகளுக்கு நடுவிலும், குண்டிக்கு மேலேயுள்ள எலும்பிலும் தொட்டபடி இருக்கட்டும். சுவருக்கு ஒரு அடி முன்னால் முதுகுகாட்டி நிற்கவைத்து, "குண்டியால் சுவரைத் தொடு" என்று சொல்லுங்கள். முழங்கால் கொஞ்சமாக மடங்கும், நெஞ்சு தானாக முன்னுக்குச் சாயும். தடி மூன்று இடத்தில் ஒன்றை விட்டு விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளைக்கே அது தெரிந்துவிடும், நீங்கள் ஏசத் தேவையில்லை. இது வடிவாக வந்தபிறகுதான் நிலத்தில் இருந்து 5 கிலோ அரிசிப் பையை எடுக்கவிடுவேன்.

அடுத்தது கதிரையில் இருந்து எழும்புவது. கைகளை முன்னுக்கு நீட்டி, மெதுவாக இருந்து, தொப்பென்று விழாமல், எழும்ப வேண்டும். குதி நிலத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. முழங்கால் பெருவிரல் பக்கம் உள்ளே சரியாமல் பாதம் பார்க்கிற திசையில் போகவேண்டும். தள்ளுவதற்கு முதலில் சுவர், பிறகு மேசை, பிறகு வாங்கு, கடைசியாக நிலம். இழுப்பதற்கு மாமரக் கொப்பில் தொங்குவதே தொடக்கத்துக்குக் காணும். தாங்குகிற கொப்பா என்று முதலில் நீங்கள் தொங்கிப் பாருங்கள். பிறகு எனக்குப் பிடித்த ஒன்று, கிணற்றடியில் இருந்து பூச்செடி வரை இரண்டு வாளி. அரைவாசி தண்ணீரோடு இரண்டு கையிலும் தூக்கி, நிமிர்ந்து நேராக நடக்க வேண்டும். உடம்பு ஒருபக்கம் சரிந்தாலோ அவசரப்பட்டாலோ தண்ணீர் சிந்தும். சிந்தினால் பாரம் கூடிப்போனது. ஊற்றிக் குறைத்துக்கொண்டு திரும்ப நடக்கலாம்.

அளவு அதிகம் வேண்டாம். கிளித்தட்டு மாதிரி ஒரு ஓட்ட விளையாட்டோடு 5, 10 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, 5 அல்லது 6 பயிற்சி, ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, ஒன்று அல்லது இரண்டு சுற்று. மொத்தமாக 20, 30 நிமிடம். கிழமைக்கு 2 அல்லது 3 நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி. ஒரே பாரத்தை 15 தடவை குழப்பமில்லாமல் செய்யும்போதுதான் கூட்டவேண்டும், அதுவும் பத்திலொரு பங்குக்கு மேல் இல்லை. செய்யும்போது சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகள் பாரம் கண்டவுடன் மூச்சை அடக்குவார்கள். எண்ணுகிற வாய்க்கு மூச்சை அடக்க முடியாது. முறை குலைந்த கணத்தில், கணக்கு 6இல் நின்றாலும், அந்தச் சுற்று முடிந்தது. இந்த ஒரு விதியை விட்டுக்கொடுக்காத வீட்டில் பெரிய காயம் வருவது அரிது.

இரண்டு மாதத்தில் அவனுடைய பலம் நன்றாகக் கூடும். பழகாத பிள்ளைகளில் 30 முதல் 50 வீதம் வரை கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. பருவமடைவதற்கு முன் வருகிற பலம் தசை பருத்து வருவதில்லை. மூளையும் நரம்பும் இருக்கிற தசையைக் கூட்டாக வேலைவாங்கப் பழகுவதால் வருகிறது. அண்ணனுடைய கையைப் போலத் தன் கை வரவில்லை என்று மகன் சலிப்பான். அதற்குத்தான் எண்ணிக்கையை ஒரு கொப்பியில் எழுதவைக்கச் சொல்கிறேன். போன மாதம் மேசையில் 6 தடவை தள்ளியவன் இப்போது 12 தள்ளுகிறான் என்பதை அவனே பார்க்கட்டும். விட்டுவிட்டால் சில கிழமைகளில் இந்தப் பலம் திரும்பக் குறையும் என்பதும் உண்மை.

எங்கள் பக்கத்துக் காலநிலையில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. மாரியில் மைதானமெல்லாம் வெள்ளம், பிள்ளைகள் வாரக்கணக்கில் வீட்டுக்குள். மழை விட்ட கையோடு ஜனவரியில் பாடசாலை தொடங்கி, இல்ல விளையாட்டுப் போட்டி வந்துவிடும். ஒன்றும் செய்யாமல் இருந்த உடம்பைக் கொண்டுபோய்க் குண்டு போடவும், நீளம் பாயவும், கயிறு இழுக்கவும் விடுகிறோம். தொடை பிடிப்பதும் முதுகு பிடிப்பதும் அந்தக் கிழமைகளில்தான் நான் கூடுதலாகப் பார்க்கிறேன். மாரியில் விறாந்தையில் செய்கிற 20 நிமிடம் அதற்கு நல்ல தயாரிப்பு. நேர்மாறாக, கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பகல் வெயிலில் எதுவும் வேண்டாம். விடியக்காலை அல்லது வெயில் தாழ்ந்த பின்னேரம், தண்ணீர்ப் போத்தல் பக்கத்தில்.

பாடசாலைகளில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். உடற்பயிற்சியைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். பழக்கமில்லாத பிள்ளையை நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போடவைத்தால் தொடைத் தசை சிதைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையே பாதிக்கலாம். அப்படிச் செய்த மறுநாள் தொடை இறுகி வீங்கி, சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போனால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். உடம்பு போகாவிட்டாலும் மனம் போய்விடும். தண்டனையாகப் பழகிய ஒன்றைப் பிள்ளை பிறகு விரும்பிச் செய்வதில்லை.

ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வருகிற கொழுத்த பிள்ளைகளை நான் இந்தப் பயிற்சிக்கு முதலில் கூப்பிடுவேன். வாளி தூக்கி நடப்பதிலும் தள்ளுவதிலும் அவர்களுக்கு இயல்பாகவே பலம் இருக்கிறது. வகுப்பில் எல்லாரும் பார்த்திருக்க ஒரு வேலையில் முன்னுக்கு நிற்பது சில பிள்ளைகளுக்கு வாழ்க்கையிலேயே முதல்தடவையாக இருக்கும். அதன்பிறகு அவர்கள் மைதானத்துக்கு வராமல் ஒளிப்பதில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்தத் தாய்க்கு மகள் இருந்தால் அவளும் சேர்ந்து செய்யட்டும். வளர்ந்தவரின் எலும்புச் சத்தில் கிட்டத்தட்டக் கால்வாசி, பருவமடைகிற காலத்தை ஒட்டிய இரண்டு வருடங்களில் சேர்கிறது. பிறகு அப்படி ஒரு வாய்ப்பு வராது. வலைப்பந்து விளையாடுகிற பிள்ளைகள் பாய்ந்து பந்தைப் பிடித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சரிவதைக் கவனித்துப் பாருங்கள். முழங்காலின் உள் நார் அறுவது பெண் பிள்ளைகளில் கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மெத்தென்று, சத்தமில்லாமல், முழங்காலை மடித்து இறங்கப் பழக்குவது பலப் பயிற்சியின் பகுதிதான். மைதானத்துக்கு வரக் கூச்சப்படுகிற ஊர்களில் விறாந்தை காணும், வளவு காணும்; முழுக்கை, முழுக்கால் உடுப்போடும் எல்லாம் செய்யலாம்.

இனி, உறுதியில்லாதவை. பயிற்சி காயத்தைக் குறைக்குமா என்றால், குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 7 முதல் 13 வயதுப் பந்தாட்டப் பிள்ளைகளுக்கென்று வகுக்கப்பட்ட பீபா 11+ கிட்ஸ் பயிற்சியை ஐரோப்பிய நாடுகள் நான்கில் சோதித்தபோது காயங்கள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தன. ஆனால் அதில் பலம், சமநிலை, விழப் பழகுதல் எல்லாம் கலந்திருக்கிறது; பலம் மட்டும் எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்போதே பாரம் தூக்கினால் நாளைக்கு மாகாண மட்டத்தில் வெல்லுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்குச் சான்று இல்லை. ஒரே தடவை தூக்கக்கூடிய உச்ச எடையைச் சோதிப்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தேர்ந்த மேற்பார்வையில் பாதுகாப்பாகச் செய்யலாம் என்கிறார்கள் சிலர், எலும்பு முற்றும்வரை வேண்டாம் என்கிறார்கள் சிலர். என் கருத்து, எங்கள் ஊர்களில் அந்த அளவு மேற்பார்வை கிடைப்பது அருமை, 11 வயதில் அந்த எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஆகவே வேண்டாம்.

நித்திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 12 வயது வரை ஒரு நாளுக்கு 9 முதல் 12 மணித்தியாலம் வேண்டும். ரியூசன் முடித்து இரவு 10 மணிக்குப் படுத்து விடிய 5 மணிக்கு எழும்புகிற பிள்ளைக்குப் பாரத்தைக் கூட்டினால் பலம் கூடாது, சோர்வுதான் கூடும். அப்படியான நாட்களில் பயிற்சியை விட்டுவிட்டுப் படுக்கவிடுங்கள்.

ஜிம்மைப் பொறுத்தவரை, 11 வயதில் தேவையில்லை. இயந்திரங்கள் பெரியவர்களின் கைகால் நீளத்துக்குச் செய்தவை, மகனுடைய மூட்டு அவற்றில் சரியான இடத்தில் பொருந்தாது. 14, 15 வயதில் இன்னும் ஆசை இருந்தால் நீங்களே ஒரு பின்னேரம் போய் அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள். பழக்குகிறவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா, போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாரா? தொடக்கநிலைப் பிள்ளைகள் 10 பேருக்கு மேல் ஒருவரிடம் விடப்பட்டிருக்கிறார்களா? புதிதாக வந்தவனுக்கு முதல்நாளே பாரத்தைக் கொடுக்கிறார்களா, வெறுங்கையோடு பழக்குகிறார்களா? மேசையில் தூள் டப்பாக்கள் விற்பனைக்கு அடுக்கியிருக்கின்றனவா? முதல் கேள்விக்கே பதில் பிழைத்தால் மற்றதைப் பார்க்கத் தேவையில்லை, மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.